பழிக்கு முடிவு தேடிய புலவர்

கிரேக்க அவல நாடகத்தின் தந்தையெனப் போற்றப்படும் ஈஸ்கிலஸ், கி. மு. 525ஆம் ஆண்டளவில் ஏதென்ஸ் நகருக்கு அணித்தான எலியூசிஸ் என்னும் ஊரிலே, யூபோரியன் என்பாருக்கு மைந்தராய்த் தோன்றினார். ஒரே நடிகரும் பாடற்குழுவினருமாய் நிகழ்ந்துவந்த நாடகத்தில் இரண்டாம் நடிகரைப் புகுத்தியவர் அவரே. இருவர் எதிர்நின்று வாதாடும் களமாக மேடை அதன் பின்னரே அமைந்தது.

அவர் புலவர் மட்டுமல்லர்; போர்வீரருமாவர். கி. மு. 490இல் பாரசீகப் படையை எதிர்த்து மரதன் களத்திலே பொருதார். அவர்தம் உடன்பிறந்தார் சினெகீரஸ் அங்கு உயிர் துறந்தார். அங்ஙனமிருந்தும், கி. மு. 472இல் அரங்கேற்றிய 'பாரசீகர்' நாடகத்திலே தோற்ற பகைவரின் துயரத்தையே அவர் காட்டினார். பழியுணர்ச்சியை அடக்கியாண்ட உள்ளம் அது.

அவ்வுள்ளத்துக்குப் பெருஞ்சோதனை பின்னர் வந்தது. அரியோபகஸ் என்னும் பழைய மன்றத்தின் அதிகாரத்தைக் கி. மு. 462 அளவிற் குறைத்த தலைவர் எபியால்டீஸ், விரைவிலே கொலையுண்டார். கொலை விசாரணை மட்டும் அம்மன்றத்துக்கு எஞ்சியது. உட்பகை புகைந்த அந்நகரிலேதான், கி. மு. 458இல், 'ஒரெஸ்டியா' என்னும் நாடகத் தொகுதி அரங்கேறி முதற்பரிசு பெற்றது.

திரோய் நகர்மேற் படை செல்லுதற்பொருட்டு மகளைப் பலியிட்டான் அகமெம்னன். மீண்டு வந்த அவனை மனைவி கொன்றாள். அவளை மகன் ஒரெஸ்டீஸ் கொன்றான். ஒவ்வொருவரும் தத்தம் செயலை நீதியென்றே கொண்டனர். தாயின் பழிக்காக அவனைத் துரத்தினர் பழித்தெய்வங்கள். அதீனாதேவி அரியோபகஸ் குன்றிலே நீதிமன்றம் நிறுவினாள். வாக்குகள் சமமாயின, ஒரெஸ்டீஸ் விடுதலை பெற்றான்.

நாடகம் அத்துடன் முடியவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. வழக்கிற் றோற்ற பழித்தெய்வங்கள் நாட்டை அழிப்போமெனச் சினந்தெழுந்தன. அதீனா அவற்றைத் துரத்தினாளில்லை. இன்சொல்லால் ஆற்றி, அந்நகரிலேயே உறைவிடமும் வழிபாடும் அளித்தாள். தீர்ப்பு வழங்குதல் நீதியின் பாதியேயாம். தோற்றவரையும் ஊருக்குரியவராய் இருத்திக்கொள்ளுதல் மறுபாதியென்பதை இதனின்றும் நாம் அறிகின்றோம்.

கி. மு. 456 அளவிற் சிசிலித் தீவின் கெலா நகரிலே ஈஸ்கிலஸ் காலமானார். அவருடைய நாடகங்களை அவர் மறைந்த பின்னரும் மேடையேற்ற ஏதென்ஸ் மக்கள் தனிச்சலுகை வழங்கினர். பழியும் வழக்கும் ஓயாத இவ்வுலகிற் பொதுவாழ்வுக்குப் புகும் நம்மனோர், அவர் காட்டிய அம்மறுபாதியை மறவாதிருப்போமாக.