எங்கள் ஸ்தாபகரும் பெண்களின் வாக்குரிமையும்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் வரலாறு பழைய மாணவிகளாகிய எங்களுக்குப் புதியதன்று. ஆயினும் ஸ்தாபகர் தினப் பேச்சுகளில் அதிகம் இடம்பெறாத ஒரு பகுதி அதில் உண்டு. பெண்களுக்குக் கல்லூரி கட்டிய அப்பெருமகன், பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தவர். இந்த நூற்றாண்டு மலரில் அதனையும் சேர்த்தே எழுதுவதுதான் அன்னாருக்கு நாங்கள் செய்யும் உண்மையான மரியாதை என எண்ணுகிறேன்.

இராமநாதன் 1851 ஏப்ரல் 16ஆம் திகதி கொழும்பில் பொன்னம்பல முதலியாரின் புதல்வராகப் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் மானிப்பாய். சேர் முத்துக்குமாரசுவாமி அவரின் தாய்மாமன். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவரின் தம்பி. கொழும்பிலும் சென்னை பிரசிடென்சி கல்லூரியிலும் கற்றுச் சட்டத்தரணியானார். 1879இல் மாமனார் மறைந்தபின், சட்டசபையில் அவர் வகித்த இடத்துக்குத் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டார்.

அந்த இடம் எத்தகையது என்பதைக் கவனிக்க வேண்டும். அக்காலச் சட்டசபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் அறுவர். ஐரோப்பியருக்கு 3 இடங்கள். சிங்களவர், தமிழர், பறங்கியருக்குத் தலா ஓரிடம். தமிழருக்கென ஒதுக்கப்பட்ட அந்த ஒற்றை ஆசனத்தின் வழியாகவே இராமநாதன் அரசியலுக்குள் நுழைந்தார்.

பின்னர் சொலிசிற்றர் ஜெனரலாகப் பணியாற்றி 1906இல் ஓய்வுபெற்றார். 1911இல் படித்த இலங்கையருக்கென முதன்முதலாக ஒரு தேர்தல் தொகுதி ஏற்படுத்தப்பட்டபோது, சேர் மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்து வெற்றி பெற்றார். தீவு முழுவதற்கும் வாக்காளர் மூவாயிரத்துக்கும் குறைவு. அவர்களில் பெண் எவருமில்லை. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் இராணுவச் சட்டத்தால் துன்புற்ற சிங்களத் தலைவர்களுக்காகச் சபையில் அவர் நிகழ்த்திய வாதம் நாடறிந்தது. 1921இல் சேர் பட்டம் கிடைத்தது.

இவற்றுக்கிடையே 1913இல் மருதனார்மடத்தில் எங்கள் கல்லூரி எழுந்தது. அயலில் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் 1824இலேயே பெண்கள் பாடசாலையைத் தொடங்கியிருந்தனர். சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை விடாமல் உயர்கல்வி பெற வேண்டுமென்பதே ஸ்தாபகரின் நோக்கம். முதல் அதிபராக அவர் அழைத்துவந்தவர் லண்டன் நாடக நடிகை புளோரன்ஸ் ஃபார். கவிஞர் யேட்ஸ், பெர்னாட் ஷா ஆகியோரின் நண்பரான இவ்வம்மையார், இங்கு வருவதற்கு ஈராண்டுகளுக்கு முன் நவீன காலப் பெண்ணின் நிலை குறித்து ஒரு நூலே எழுதியவர். 1917இல் கொழும்பில் காலமானார். அவுஸ்திரேலியாவில் பிறந்து ஸ்தாபகரின் துணைவியாரான லேடி லீலாவதி இராமநாதன் கல்லூரியைப் பல்லாண்டுகள் தாங்கி வளர்த்தார்.

1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அடுத்த மாதமே கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாகி ஆணைக்குழுவின்முன் தன் கோரிக்கையை வைத்தது. அப்போது 76 வயதை எட்டியிருந்த இராமநாதன் எதிர்த்திசையில் நின்றார். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட சாதியினருக்கும் வாக்களிப்பது சைவ வாழ்க்கை முறையைக் குலைக்கும் என்பது அவர் வாதம். இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிக்கப்பட்டால் எண்ணிக்கையில் சிறுத்த தமிழர் ஒதுக்கப்படுவர் என்றும் அஞ்சினார். முதல் வாதத்தைக் காலம் தள்ளிவிட்டது. இரண்டாவது அச்சம் வீணானது என்று தமிழர் எவரும் சொல்லமாட்டார்.

1929 டிசம்பரில் டொனமூர் யாப்பு 19க்கு 17 என்ற வாக்குகளால் சட்டசபையில் ஏற்கப்பட்டது. எதிர்த்து வாக்களித்த இராமநாதன், தள்ளாத வயதிலும் லண்டன் சென்று முறையிட்டுத் திரும்பி, 1930 நவம்பர் 26ஆம் திகதி சிவபதம் அடைந்தார். அடுத்த ஆண்டு யூன் மாதம், 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் முதன்முறையாக வாக்களித்தனர். ஆனால் வாலிப காங்கிரஸின் பகிஷ்கரிப்பினால் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் தேர்தல் நடைபெறவில்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அந்த இடைவெளியில், 1932இல், கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அங்கு அமர்ந்த முதல் தமிழ்ப் பெண் அவரே.

அவருக்கு முன் தெரிவான அட்லின் மொலமுரே தந்தையார் இறந்ததால் வெறுமையான தொகுதியில் நின்றவர். நேசம் அம்மையார் கணவரின் தெரிவு நீதிமன்றத்தால் இரத்தானபின் நின்றவர். 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கணவரை இழந்தபின் வந்தவரே. இவ்வாறு குடும்ப வழி அமையாத பெண்ணுக்குக் கதவு திறக்கவில்லை. குடாநாட்டுத் தொகுதிகளிலிருந்தோ 1934 முதல் 1977 வரை ஒரு பெண்ணேனும் தெரிவாகவில்லை.

2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கியது. அதுவரை 2 வீதத்தையும் எட்டாதிருந்த பெண் உறுப்பினர் தொகை, 2018 தேர்தலில் 20 வீதத்தைத் தாண்டியது. பாராளுமன்றத்துக்கு அத்தகைய ஒதுக்கீடு இல்லை. 2024 தேர்தலின்பின்னும் 225 பேர் கொண்ட அவையில் பெண்கள் பத்திலொரு பங்கை எட்டவில்லை. ஒதுக்கீட்டால் வருவோர் தகுதி குறைந்தவர் என்று இன்றும் சிலர் இகழ்கின்றனர். எங்கள் ஸ்தாபகர் தமிழருக்கென ஒதுக்கிய ஆசனத்தில் அமர்ந்தே தம் ஆற்றலை நாட்டுக்குக் காட்டினார். ஒதுக்கீடு அவருக்கு இடத்தைத் தந்தது, திறமை அவருடையது. அவர் தமிழருக்காகக் கேட்ட நியாயம் பெண்களுக்கும் பொருந்தும்.

வலிகாமம் தெற்குப் பிரதேச சபை எங்கள் சுன்னாகத்தில்தான் இருக்கிறது. குடிநீர், வீதி விளக்கு, சந்தை, குப்பை ஆகிய நாளாந்தக் கருமங்கள் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. அடுத்த தேர்தலில் எங்கள் சகோதரி ஒருத்தி அங்கு வேட்பாளராக நிற்க முன்வந்தால், அவர் எந்தக் கட்சியினராயினும் வீட்டாரும் ஊராரும் அவரைத் தடுக்காதிருக்கத் துணை நிற்போம். ஸ்தாபகர் தந்த கல்வியைக் கொண்டு, அவர் மறுத்த இடத்திலும் நாங்கள் அமர வேண்டும்.