பனிமலர்களைப் படம்பிடித்த உழவர்

மார்கழித் திங்களின் விடியற்காலையில், பூந்தமல்லியிலும் ஆவடியிலும் புல்நுனிதோறும் பனித்துளி முத்துப்போல் ஒளிர்வதை நாம் கண்டிருக்கிறோம். கதிரவன் சற்றே மேலெழுந்ததும் அது மறைந்துவிடுகிறது. நம் சமவெளிகளில் பனி என்பது நீர்த்துளியே. குளிர் மிகுந்த நாடுகளிலோ, மேகத்திலுள்ள நீராவி படிகமாக உறைந்து, வெண்ணிற மலர்போல் மண்ணில் உதிர்கிறது. கையில் ஏந்தினால் நொடிப்பொழுதில் உருகும் அம்மலர்களை, உலகம் என்றும் கண்டு மகிழுமாறு நிலைபெறச் செய்தவர் ஓர் எளிய உழவர். அவர் பெயர் வில்சன் பென்ட்லி.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வெர்மாண்ட் மாநிலத்து ஜெரிக்கோ என்னும் சிற்றூரில், 1865ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள் அவர் பிறந்தார். அவருடைய அன்னையார் முன்னர்ப் பள்ளி ஆசிரியையாக விளங்கியவர். மகனுக்குத் தாமே வீட்டில் கல்வி புகட்டினார்; தம்மிடமிருந்த பழைய நுண்ணோக்கி ஒன்றையும் அளித்தார். அதன் வழியே வெண்பனித் துகளை நோக்கிய இளைஞர் வியப்பில் ஆழ்ந்தார். சிறு துகளுக்குள் ஆறு கதிர்களும், அவற்றில் எண்ணற்ற வேலைப்பாடுகளும் இருந்தன. அவற்றை வரைந்து வைக்க முயன்றார். ஆனால் வரைந்து முடிப்பதற்குள் பனி உருகிவிட்டது. ஒருமுறை அழிந்த வடிவம் மறுமுறை கிட்டவில்லை. அவ்வழகு தம்மோடு மறைந்துபோதல் கூடாதே என்று அவர் உள்ளம் வருந்தியது.

நுண்ணோக்கியுடன் நிழற்படக் கருவியை இணைத்தால் படம் எடுக்கலாம் என்று அறிந்து, அவற்றை வாங்கித் தருமாறு தந்தையாரை வேண்டினார். உழவன் மகனுக்குப் பனியோடு என்ன விளையாட்டு என்று தந்தையார் எண்ணினார். ஆயினும் அன்னையார் துணைநிற்க, கருவிகள் வாங்கப்பட்டன. அஃது அக்குடும்பத்திற்கு எளிய செலவன்று. ஆதலின், மேலும் வேண்டியவற்றைப் பென்ட்லி தம் வீட்டிலிருந்த பொருள்களைக் கொண்டே அமைத்துக்கொண்டார்.

வெப்பமூட்டப்படாத கொட்டிலே அவருடைய ஆய்வுக்கூடம். கறுப்புப் பலகையை வெளியே நீட்டிப் பனியை ஏந்துவார். நல்ல துகள் ஒன்றைத் துடைப்பக் குச்சியால் மெல்ல எடுத்துக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, இறகினால் வருடிப் படியச் செய்வார். மூச்சுக்காற்று பட்டாலும் துகள் உருகுமாதலால் மூச்சை அடக்கிக்கொள்வார். கருவியின் பின்புறம் நின்றால், காட்சியைத் தெளிவாக்கும் திருகு கைக்கு எட்டவில்லை. அதனைத் திருப்ப ஒரு கயிற்றையும் சக்கரத்தையும் பொருத்தினார். தொடக்கத்தில் எடுத்த படங்கள் தெளிவின்றிப் போயின. அவர் மனந்தளரவில்லை. 1885ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் முதல் வெற்றி கிட்டியது. அப்போது அவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை.

அண்டையில் வாழ்ந்தோர் இதனை வீண்வேலை என்று எள்ளினர். பென்ட்லியோ, பகலில் பண்ணைத் தொழிலைச் செய்துகொண்டே, பனி பொழியுந்தோறும் கொட்டிலுக்கு விரைந்தார். வாழ்நாளில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றுள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. நீரின் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கப்படுவதால் ஆறு கதிர்கள் தோன்றுகின்றன. விழும் வழியில் ஒவ்வொரு துகளும் சந்திக்கும் வெப்பநிலையும் ஈரப்பதமும் வேறுபடுவதால், வடிவங்களும் வேறுபடுகின்றன. பென்ட்லி அழகியவற்றையே தேர்ந்தெடுத்தார். இயற்கையில் ஒழுங்கற்ற துகள்களே மிகுதி என்பதையும் நாம் அறிதல் வேண்டும்.

அவர் தம் முறைகளை மறைத்து வைக்கவில்லை. கட்டுரைகளாக எழுதி வெளியிட்டார். படத்தகடுகளை ஒன்று 5 சென்ட் என்னும் குறைந்த விலைக்கே கொடுத்தார். ஹம்ப்ரீஸ் என்னும் வானிலை அறிஞரின் துணையோடு, 2,400க்கும் மேற்பட்ட படங்கள் அடங்கிய பெருநூல் 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில், பனிப்புயலினூடே நடந்து வீடு திரும்பிய அவர் நுரையீரல் அழற்சிக்கு ஆளாகி, திசம்பர்த் திங்கள் 23ஆம் நாள் உயிர்நீத்தார்.

பனியை மட்டுமன்றி மழையையும் அவர் ஆராய்ந்தார். தட்டில் மாவைப் பரப்பி, மழையில் சில நொடிகள் நீட்டுவார். விழுந்த துளிகள் மாவு உருண்டைகளாகும். அவற்றை அளந்து துளிகளின் பருமனைக் கணித்து, 1904ஆம் ஆண்டில் வெளியிட்டார். வெண்பனி காணாத அம்பத்தூர் மாணவரும், ஐப்பசி மழையில் இச்சோதனையைத் தம் வீட்டு முற்றத்திலேயே செய்து பார்க்கலாம்.

பென்ட்லி பெரிய கல்லூரியில் பயின்றவர் அல்லர், செல்வரும் அல்லர். ஒரு பழைய நுண்ணோக்கி தூண்டிய ஆர்வமும், குன்றாத பொறுமையுமே அவருடைய செல்வம். நொடியில் மறையும் பொருளையும் ஊன்றி நோக்குவோர்க்கு, இயற்கை தன் அழகைக் காட்டாமற் போவதில்லை.