அணங்கு மேடுகளைப் பாடியவர்: ஜேம்ஸ் கசின்ஸ்

அயர்லாந்தின் வயல்வெளிகளில் வட்டமான மண்கரைகள் பல்லாயிரம் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உழவர் குடும்பங்கள் கரையெழுப்பி வாழ்ந்த மனைகளே அவை என்பர் தொல்லியலார். ஊர்மக்களோ அவற்றை அணங்குகள் உறையும் கோட்டைகள் எனக் கொண்டனர். அங்கே ஏர் ஓட்டவும், தனித்து நிற்கும் முள்மரத்தை வெட்டவும் அஞ்சினர். பெருங்கற்கால ஈமக்குழிகளைப் பாண்டவர் குழி என வழங்கிய தமிழக மக்களின் மனமும் இதற்கு அயலன்று. அந்த அணங்குகளைப் பாடிய கவிஞர் ஒருவர் நம் அடையாற்றில் வாழ்ந்தார். அவரே ஜேம்ஸ் ஹென்றி கசின்ஸ்.

1873இல் பெல்பாஸ்ட் நகரில் பிறந்த கசின்ஸ், 1897இல் டப்ளின் சென்று, யேட்ஸ், ஜார்ஜ் ரஸ்ஸல் முதலியோரின் இலக்கிய மறுமலர்ச்சியில் இணைந்தார். நாட்டுப்புறத்தார் வாய்மொழியிலும் பழஞ்சுவடிகளிலும் வாழ்ந்த கதைகள் அவர்க்குக் கவிதைப் பொருளாயின. அணங்கின் அழைப்பில் மயங்கிய இளவரசன் கொன்லாவின் கதை, 1902இல் அவர்தம் நாடகமாக அரங்கேறியது. மேட்டினுள் மறைந்த மனைவியை மீட்க மன்னன் அம்மேட்டையே அகழ்ந்தான் என்னும் தொல்கதைக்குரிய எடெய்னை, 1912இல் வெளிவந்த நெடும்பாடலில் பாடினார்.

அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்று, 1915இல் துணைவியார் மார்கரெட்டுடன் சென்னை வந்து, நியூ இந்தியா இதழில் பணியேற்றார். மறு ஆண்டு டப்ளினில் நிகழ்ந்த விடுதலை எழுச்சியைப் போற்றி எழுதியமையால் அப்பணியை இழந்தார். தாய்மண்ணின்மீது கொண்ட பற்றுக்கு அவர் கொடுத்த விலை அது. பின்னர் மதனப்பள்ளிக் கல்லூரியில் ஆசிரியரானார்; இந்திய ஓவியத்தையும் கவிதையையும் உலகறியச் செய்ய நூல்கள் பல எழுதினார்.

1924இல் மைசூரில் 19 வயது இளைஞர் ஒருவர் தம் ஆங்கிலக் கவிதைகளை அவரிடம் காட்டினார். அவற்றைப் படித்த கசின்ஸ், தாய்மொழியில் எழுதுமாறு அறிவுறுத்தினார். அவ்விளைஞரே பின்னாளில் கன்னடத்தில் இராமாயண காவியம் படைத்து ஞானபீடப் பரிசு பெற்ற குவெம்பு.

அயர்லாந்தின் பழங்கதைகளைப் பாடிய கசின்ஸ், அவற்றை ஆங்கிலத்திலேயே பாடினார். அந்நாட்டின் தொன்மொழியோ அவர் காலத்திற்குள் பெரும்பகுதி மக்களின் நாவினின்று நீங்கிவிட்டது. அத்தகைய மண்ணிலிருந்து வந்தவர் கூறியதாலேயே அவ்வறிவுரை பெருமதிப்புடையதாகிறது. ஏர் படாத மேட்டை அச்சம் காத்தது. மேட்டின் கதையைக் காப்பது மொழியே.

1956இல் மதனப்பள்ளியில் அவர் மறைந்தார். தம் ஊர்த் தெய்வங்களையும் மரங்களையும் பாடத் தயங்கும் இளங்கவிஞர்க்கு அவர் வாழ்வு வழித்துணையாகும்.