துப்பறிந்த டாக்டர்

ஷெர்லக் ஹோம்ஸ் கதை என்றாலே நமக்கெல்லாம் குஷிதான். ஆனால் அவரைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் நிஜமாகவே துப்பறிந்தவர் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

அவர் 1859-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். டாக்டருக்குப் படித்தார். நோயாளியைப் பார்த்ததுமே அவர் என்ன தொழில் செய்கிறவர் என்று சொல்லிவிடும் பேராசிரியர் ஜோசப் பெல்தான் ஹோம்ஸுக்கு முன்மாதிரி. முதல் ஹோம்ஸ் நாவல் 1887-இல் வெளிவந்தது.

1903-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் எடல்ஜி என்ற வக்கீலுக்கு 7 வருஷம் சிறைத் தண்டனை விதித்தார்கள். அவருடைய அப்பா நம்ம பம்பாயிலிருந்து போன பார்சி வம்சத்தவர். ராத்திரியில் வயல் வழியே போய்க் குதிரையைக் கத்தியால் கீறினார் என்பது குற்றச்சாட்டு. 3 வருஷத்தில் வெளியே விட்டாலும் பழி போகவில்லை. டாயில் சந்திக்கப் போனபோது, எடல்ஜி செய்தித்தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கண் வைத்தியம் படித்த டாயிலுக்குச் சட்டென்று புரிந்துபோச்சு. இவ்வளவு பார்வைக் குறைவு உள்ளவர் இருட்டில் எப்படி அங்கே போயிருக்க முடியும்? பத்திரிகையில் விடாமல் எழுதினார். 1907-இல் அரசு எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கியது.

கொலைப் பழியோடு சிறையிலிருந்த ஆஸ்கர் ஸ்லேட்டருக்காக 1912-இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தத் தண்டனை ரத்தாக 1928 வரை ஆச்சு! 1930-இல் டாயில் காலமானார்.

போன வருஷம் என் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனதும் பக்கத்து பெஞ்ச் பையன்மேல் பழி போட்டேன். அது என் வீட்டிலேயே இருந்தது. டாயிலைப் பற்றிப் படித்த மறுநாளே அவனிடம் ஸாரி சொன்னேன். நண்பர்களே, நாமும் யாரையும் குறை சொல்லும் முன் நன்றாகக் கவனித்துப் பார்ப்போமா?