லின் செசூ

லின் செசூ (ஆகஸ்ட் 30, 1785 – நவம்பர் 22, 1850) சிங் மரபு ஆட்சிக் காலத்துச் சீன அரசு அதிகாரி ஆவார். 1839ஆம் ஆண்டில் ஆங்கிலேய வணிகர்களிடமிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமையும் அரசுப் பணியும்

ஃபூஜியன் மாகாணத்தின் ஃபூச்சௌ நகரில் ஏழை ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1811இல் பேரரசின் மிக உயர்ந்த தேர்வில் வெற்றி பெற்று அரசுப் பணியில் சேர்ந்தார். கையூட்டுக்கு இடங்கொடாத இவரை மக்கள் தெளிந்த வானம் என்னும் பொருள்படும் பட்டப்பெயரால் அழைத்தனர்.

அபினிச் சிக்கல்

வங்காளத்தில் கிழக்கிந்திய நிறுவனத்தின் தனியுரிமையின் கீழ் விளைவிக்கப்பட்ட அபினி, கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டு, தனியார் கப்பல்கள் மூலம் சீனாவுக்குள் கடத்தப்பட்டது. அதற்கு விலையாக வெள்ளி நாட்டை விட்டு வெளியேறியது. உழவர்கள் செப்புக் காசில் ஈட்டி, வரியை வெள்ளியின் மதிப்பில் செலுத்த வேண்டியிருந்தது. முன்னர் ஏறத்தாழ 1,000 காசுகளுக்குக் கிடைத்த ஒரு டேல் வெள்ளி, 1838 அளவில் சுமார் 1,600 காசுகளாயிற்று. இதனால் அபினியைக் கண்ணால் கூடக் காணாத உழவனும் அதற்கு விலை கொடுத்தான். படைவீரர்களிடமும் அரசு ஊழியர்களிடமும் இப்பழக்கம் பரவியிருந்தது.

அபினியைச் சட்டப்படி அனுமதித்து வரி விதிக்கலாம் என 1836இல் ஓர் அதிகாரி பரிந்துரைத்தார். 1838இல் மற்றொருவர், ஓராண்டுத் தவணைக்குப் பின்னும் திருந்தாதவர்களுக்கு மரண தண்டனை விதிக்கக் கோரினார். ஊபேய், ஊனான் மாகாணங்களின் ஆளுநராக இருந்த லின் இரண்டாவது கருத்தை ஆதரித்தார். எனினும் தண்டனையை மட்டும் அவர் நம்பவில்லை. புகைக்குழாய்களைப் பறிமுதல் செய்ததோடு, பழக்கத்திலிருந்து மீள்வதற்கான மருந்துகளையும் வழங்கினார். தாவோகுவாங் பேரரசர் இவரைச் சிறப்பு ஆணையராக நியமித்தார்.

ஊமென் நிகழ்வு

மார்ச் 1839இல் குவாங்சௌ (காண்டன்) வந்த லின், அயல்நாட்டு வணிகர்களின் குடியிருப்பைச் சுற்றிவளைத்து, சரக்கை ஒப்படைக்கக் கட்டளையிட்டார். பிரித்தானிய அதிகாரி சார்லஸ் எலியட், இழப்பீடு தருவதாகத் தம் அரசின் பெயரால் வணிகர்களுக்கு உறுதியளித்து, 20,283 பெட்டிகளை ஒப்படைக்கச் செய்தார். இந்த உறுதிமொழியே தனியார் கடத்தல் சரக்கை இரு அரசுகளுக்கு இடையிலான வழக்காக மாற்றியது.

எரித்தால் உருகி மண்ணில் இறங்கும் அபினியை மக்கள் மீண்டும் தோண்டி எடுப்பர் என்பதால், ஊமென் கடற்கரையில் பெரிய குழிகள் வெட்டப்பட்டன. அபினி உப்பு நீரில் ஊறவைக்கப்பட்டு, சுண்ணாம்பு இட்டுக் கரைக்கப்பட்டு, கடலில் விடப்பட்டது. சூன் 3 அன்று தொடங்கிய இப்பணி மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தது. கடலை மாசுபடுத்துவதற்காக லின் முன்னதாகவே கடல் தெய்வத்திடம் மன்னிப்பு வேண்டி வழிபட்டார்.

விக்டோரியா மகாராணிக்கும் அவர் ஒரு கடிதம் எழுதினார். இங்கிலாந்தில் அபினி தடை செய்யப்பட்டிருப்பதாக அவர் அதில் கருதியது தவறு. அங்கு அது மருந்தாகத் தாராளமாக விற்கப்பட்டு வந்தது.

போரும் நாடுகடத்தலும்

1840இல் பிரித்தானியக் கடற்படை வந்ததும் போருக்கான பழி லின் மீது சுமத்தப்பட்டது. பதவி இழந்த அவர், மறு ஆண்டு சின்சியாங்கின் இலி பகுதிக்கு நாடுகடத்தப்பட்டார். போகும் வழியில் மஞ்சள் ஆற்று உடைப்பை அடைக்கும் பணியிலும், சின்சியாங்கில் பாசனப் பணிகளிலும் ஈடுபட்டார். 1842இல் கையெழுத்தான நான்ஜிங் உடன்படிக்கையின்படி, அழிக்கப்பட்ட அபினிக்காக மட்டும் சீனா 60 லட்சம் வெள்ளி டாலர் செலுத்த நேர்ந்தது; ஆங்காங்கையும் இழந்தது.

1845இல் மன்னிக்கப்பட்ட லின் மீண்டும் ஆளுநர் பதவிகளை வகித்தார். 1850இல் குவாங்சி மாகாணக் கிளர்ச்சியை அடக்கச் செல்லும் வழியில் காலமானார். 1858இல் அபினி இறக்குமதி வரியுடன் சட்டபூர்வமாக்கப்பட்டது. அவரது சிலை ஒன்று நியூயார்க் நகரின் சீனர் குடியிருப்புப் பகுதியில் உள்ளது.