கிணற்றுக்கு மருந்து போட்ட ஹாங்கின்

பெருங்களத்தூரிலும் தாம்பரத்திலும் எத்தனையோ வீடுகளின் கொல்லையில் இன்றும் பழைய கிணறுகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஊரில் வாந்திபேதி என்ற பேச்சு எழுந்தால், முதலில் கவனிக்கப்படுவது கிணறுதான். சுகாதார ஊழியர் ஒரு வாளியில் கறுத்த ஊதா நிறக் கற்களைக் கரைத்துக் கிணற்றில் ஊற்றுவார். மறுநாள் தண்ணீர் ரோஜா நிறமாக மேலே வரும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதைக் கண்ணால் கண்ட முதியவர்கள் இன்றும் உண்டு.

அந்தக் கற்களின் பெயர் பொட்டாசியம் பர்மாங்கனேட். புண் கழுவவும் வாய் கொப்பளிக்கவும் வீடுகளில் வைத்திருந்த அதே மருந்துதான். அதைக் கிணற்றில் போடும் பழக்கத்தை இந்தியா முழுவதும் பரவச் செய்த விஞ்ஞானியின் பெயர் எர்னஸ்ட் ஹான்பரி ஹாங்கின்.

பிறப்பும் படிப்பும்

ஹாங்கின் 1865-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். அப்போது கிருமி சாஸ்திரம் புதிதாகத் தளிர்விட்ட காலம். காலராவை உண்டாக்கும் கிருமியைக் கல்கத்தாவில் ஆராய்ந்து, 1884-இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஜெர்மானிய மேதை ராபர்ட் கோக். அந்தக் கோக்கிடம் பெர்லினிலும், பாஸ்டரிடம் பாரிஸிலும் சென்று வேலை பழகினார் ஹாங்கின். குருமார் இருவரும் மகாமேதைகள். சீடரும் சோடை போகவில்லை.

1892-இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். ஆக்ராவில் சர்க்காரின் இரசாயனப் பரிசோதகர் உத்தியோகம் கிடைத்தது. தாஜ்மகால் இருக்கும் ஊர். யமுனை ஓடும் ஊர். காலராவும் அடிக்கடி தலைகாட்டிய ஊர்.

ஏன் இந்த மருந்து?

தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் கிருமி சாகும் என்பது அன்றே தெரியும். ஆனால் யாத்திரை போகிறவன் வழியில் அடுப்புக்கு எங்கே போவான்? வயலில் வேலை செய்கிறவள் விறகுக்கு என்ன செய்வாள்? ஒரு கிணற்றை நம்பி நூறு குடும்பம் இருந்தால், அத்தனை பேரையும் காய்ச்சிக் குடிக்கச் செய்ய முடியுமா? ஆகவே, கிணற்றுக்கே மருந்து கொடுத்துவிட வேண்டும் என்று ஹாங்கின் எண்ணினார்.

மருந்து மலிவாக இருக்க வேண்டும். பையில் போட்டு எடுத்துச் செல்லக் கூடியதாக இருக்க வேண்டும். படிக்காதவர்களும் அளவு பார்த்துப் போட வேண்டும். பர்மாங்கனேட்டில் இந்த மூன்றும் இருந்தன.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. தண்ணீரில் உள்ள அழுக்கையும் கிருமியையும் அது தாக்கி அழிக்கிறது. அழுக்கு மிகுந்திருந்தால் மருந்து அதிலேயே செலவாகிவிடும். ரோஜா நிறம் மறைந்து பழுப்பாகும். அப்போது இன்னும் கொஞ்சம் போட வேண்டும். நிறம் நிலைத்து நின்றால் மருந்து போதும் என்று பொருள். தராசு வேண்டாம், கண்ணே தராசு.

மக்கள் இதை உடனே ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. குடிக்கும் தண்ணீர் திடீரென்று சிவந்தால் யார்தான் அஞ்சமாட்டார்கள்? சர்க்கார் கிணற்றில் விஷம் கலக்கிறது என்ற வதந்திகளும் எழுந்ததுண்டு. ஆனாலும் நாளடைவில் இந்த முறை நாடெங்கும் பரவியது.

கங்கை நீரும் கழுகின் சிறகும்

1896-இல் ஹாங்கின் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமியை விட்டால், அது மூன்று மணி நேரத்துக்குள் மடிந்தது. அதே நீரைக் காய்ச்சிய பிறகு விட்டால், கிருமி மடியவில்லை. காரணம் அவருக்கு விளங்கவில்லை. கிருமிகளையே தின்று அழிக்கும் நுண்ணுயிர்கள் உண்டு என்பது 1915-க்கும் 1917-க்கும் இடையில்தான் தெரிய வந்தது. ஹாங்கின் கண்டது அவற்றின் வேலையாக இருக்கலாம் என்று பின்னாளில் பலர் கருதினர். இதைக் கேட்டுவிட்டு ஆற்று நீரை அப்படியே அள்ளிக் குடித்துவிடக் கூடாது!

அவருடைய மனம் ஒன்றோடு நிற்கவில்லை. ஆக்ரா வானத்தில் கழுகும் பருந்தும் சிறகை அசைக்காமல் மிதப்பதைப் பார்த்துப் பார்த்து, 1913-இல் பறத்தலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முகலாயக் கட்டடங்களின் கோலங்களை எப்படி வரைந்தார்கள் என்று ஆராய்ந்து 1925-இல் இன்னொரு நூல் தந்தார். 1939-இல் இங்கிலாந்தில் காலமானார். அப்போது வயது 74.

நிறம் சொன்ன பொய்

ஹாங்கின் மருந்து நிலைத்ததா? இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது.

பர்மாங்கனேட் காலராக் கிருமியைக் கொல்லும். ஆனால் தண்ணீரால் வரும் மற்ற நோய்க் கிருமிகளிடம் அதன் ஜம்பம் அவ்வளவாகச் சாயாது என்று பின்னர் தெரிந்தது. தண்ணீரின் நிறமும் ருசியும் கெட்டன. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, சிவந்த நீரைக் கண்டதும் மனம் நிம்மதி அடைந்துவிடுவது. ஆகவே, குடிநீருக்கு இதை இப்போது சிபாரிசு செய்வதில்லை. பழைய நினைவில் யாரும் குடத்தில் போட வேண்டாம்.

அதன் இடத்தைக் குளோரின் பிடித்தது. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்ஸி நகரத்துக் குடிநீருக்குக் குளோரின் மருந்தை நாள்தோறும் சேர்க்கத் தொடங்கினார்கள். நம் வீட்டுக் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் அந்த வேலையைச் செய்கிறது.

கணக்கு இதுதான். தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம். குறுக்களவு 2 மீட்டர் உள்ள கிணற்றில் 3 மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால், ஏறக்குறைய 9,400 லிட்டர். அதற்குச் சுமார் 24 கிராம் வேண்டும். பவுடரை வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பிறகு நீர் நிரப்பிக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவிட வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு, தெளிவை மட்டும் வேறு வாளியில் எடுத்து, கிணற்று நீருக்குள் இறக்கி நன்றாகக் கலக்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே நீர் இறைக்கலாம். இரவில் போட்டுக் காலையில் இறைப்பது இன்னும் நல்லது. திறந்து கிடந்த பழைய பவுடருக்கு வீரியம் இராது.

படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்த நீர் எல்லாம் சுத்த நீர் அல்ல.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் புகுந்தது நினைவிருக்கும். வெள்ளம் கிணற்றில் இறங்கினால் சாக்கடையும் கூடவே இறங்கும். அந்தக் கிணற்றுக்கு மேலே சொன்ன அளவு போதாது. நீரை இறைத்து வெளியேற்றி, சுகாதார ஊழியரைக் கொண்டு மருந்து போட்டு, குளோரின் பரிசோதனையும் செய்த பிறகே குடிக்க வேண்டும். அதுவரை நீரை வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடியுங்கள்.

ஹாங்கினின் மருந்து போய்விட்டது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமியை ஊர்க் கிணற்றிலேயே எதிர்த்து நிற்கலாம் என்று அவர் காட்டிய வழி போகவில்லை. இன்று மருந்து மாறியிருக்கிறது. வாளியும் கயிறும் அதேதான்.