கண்டறிந்து எழுதிய மா. கிருஷ்ணன்

‘பத்மாவதி சரித்திரம்’ தந்த அ. மாதவையாவின் எட்டு மக்களுள் கடைக்குட்டியாக 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் பிறந்தவர் மா. கிருஷ்ணன். தந்தையார் 1925இல் மறைந்தபோது அவருக்கு வயது 13. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் கற்றார். பேராசிரியர் பைசனுடன் மலைகளில் திரிந்து, செடிகொடிகளை அவை வளரும் இடத்திலேயே கண்டு ஆராயப் பழகினார். பின்னர்ச் சட்டமும் பயின்றார்; ஆயினும் வழக்கறிஞர் தொழில் அவரை ஈர்க்கவில்லை.

1942இல் பெல்லாரியை அடுத்த சண்டூர் சமஸ்தானத்தில் பணியேற்று, ஆசிரியர், நீதிபதி, அரசரின் செயலர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். 1949இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்ததும் சென்னை திரும்பினார். அதன்பின் மாதச் சம்பளத்தை நாடாமல் எழுத்தையும் புகைப்படக் கலையையும் நம்பியே வாழ்ந்தார்.

1950இல் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இரு வாரங்களுக்கு ஒருமுறை எழுதத் தொடங்கிய பகுதி 46 ஆண்டுகள் நீடித்தது. யானைக்கு அளித்த கவனத்தையே காகத்துக்கும் அணிலுக்கும் ஆட்டுக்கும் அளித்தார். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் பிரித்தே எழுதினார். கட்டுரைகளுக்கு ஓவியமும் தாமே தீட்டினார். அயல்நாட்டு மரங்களை நட்டு ஊரை அழகுபடுத்துவதை வன்மையாக எதிர்த்தார். மண்ணுக்குரிய மரம் அழிந்தால் அதை அண்டிய உயிர்களும் அழியும் என்பது அவர் கருத்து. 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஆங்கிலத்தில் புகழ்பெற்ற அவர் தமிழிலும் எழுதினார் என்பதைப் பலர் அறியார். கொங்கு நாட்டவரான பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்த கலைக்களஞ்சியத்துக்குப் பறவைகள் பற்றி எழுதினார். இதழ்களில் சிதறிக் கிடந்த அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 2002இல் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என நூலாக்கினார். திருச்செங்கோட்டைச் சேர்ந்த பெருமாள்முருகன் ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ என்னும் தொகுப்பைக் கொணர்ந்தார். அரை நூற்றாண்டு முன்னரே இவை நூல்களாகியிருப்பின், பார்த்து எழுதும் கட்டுரைக்குத் தமிழ் மாணவர்க்கு நல்லதொரு முன்மாதிரி வாய்த்திருக்கும்.

1996 பிப்ரவரி 18ஆம் நாள் கிருஷ்ணன் மறைந்தார். அவருடைய கடைசிக் கட்டுரை வெளியான நாளும் அதுவே.

அவரைப் படித்தவர், நாள்தோறும் பார்த்த காகத்தையே மறுமுறை நின்று பார்ப்பார். அதுவே அவர் எழுத்தின் பயன். வெண்ணந்தூர் ஏரிக்கரைக் கொக்கும், தறிவீட்டு உத்திரத்துக் குருவியும், அலவாய்மலைச் சரிவின் புதர்களும் அத்தகைய கண்ணுக்கும் எழுதுகோலுக்கும் காத்திருக்கின்றன.